மைக் வேலை செய்தது: இண்டியானா மாநிலக் கண்காட்சி மேடை விபத்து, 2011 – நிகழ்வு ஆய்வு

ஒலிபெருக்கி தொடர்பான விபத்து என்றால், கரண்ட் போனது, ஸ்பீக்கர் எரிந்தது, அறிவிப்பு யார் காதிலும் விழவில்லை என்றுதான் கதை தொடங்கும். இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் நிகழ்வில் அதில் எதுவும் நடக்கவில்லை. மைக் வேலை செய்தது, ஸ்பீக்கர் வேலை செய்தது, சொன்னது தெளிவாகக் கேட்டது. ஆனாலும் அறிவிப்பு முடிந்து ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் மேடைக் கூரை சரிந்து 7 பேர் இறந்தார்கள். ஒலியமைப்பு, நிகழ்ச்சி ஏற்பாடு, கூட்டப் பாதுகாப்பு ஆகிய வேலைகளில் இருப்பவர்கள் இந்த நிகழ்வை நிமிடக் கணக்கில் பார்ப்பது நல்லது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் தேவைப்படவில்லை. பொறுப்புகளை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

பின்னணி

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத் தலைநகர் இண்டியானாபொலிஸில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் மாநிலக் கண்காட்சி நடக்கும். கால்நடை, விளைபொருள், ராட்டினம், தின்பண்டம் என்று பகல் முழுக்க ஓடும். இரவில் பெரிய கச்சேரி. கச்சேரி நடந்த இடம் ஒரு பந்தயத் தடம். ஒரு பக்கம் படிக்கட்டு இருக்கைகள் கொண்ட கேலரி, எதிரே மேடை, நடுவில் தடத்தின் மண் தரை. கலைஞர்களுக்கு மிக நெருக்கமாக, மேடையை ஒட்டி நின்று பார்க்கவும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. ரசிகர்களுக்கு ஆசையான இடம் அதுதான். கூரை விழுந்தால் முதலில் அடிபடும் இடமும் அதுதான்.

மேடைக்கு மேலே தற்காலிகமாக நிறுத்தப்பட்ட கூரைச் சட்டம் இருந்தது. விளக்குகள், ஒலிப்பெட்டிகள் எல்லாம் அதில் தொங்கின. காற்று பக்கவாட்டில் தள்ளினால் சட்டம் சாயாதிருக்க இழுவைக் கம்பிகள் கட்டியிருந்தார்கள். கம்பிகளின் மறுமுனை தரையில் அறையப்படவில்லை. நெடுஞ்சாலைகளில் தடுப்பாக வைப்பார்களே, அந்த மாதிரி கான்கிரீட் கட்டைகளில் கட்டப்பட்டிருந்தது. கட்டை அதன் எடையால் மட்டுமே தரையில் நிற்கும். வேண்டிய அளவு இழுத்தால் நகரும்.

2011 ஆகஸ்ட் 13, சனிக்கிழமை. முதலில் ஒரு பாடகி பாட, அவருக்குப் பிறகு புகழ்பெற்ற கன்ட்ரி இசைக் குழு ஒன்று மேடையேற வேண்டும். அந்தக் குழுவுக்கு மறுநாள் வேறொரு மாநிலத்தில் கச்சேரி இருந்தது.

மாலை முதல் 8.39 வரை

வானிலை திடீரென்று வந்து யாரையும் ஏமாற்றவில்லை. கடும் இடிமழைக்கு வாய்ப்பு இருக்கிறது என்று அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை மாலையிலேயே சொல்லிவிட்டது. கண்காட்சி அலுவலர்களும் அந்தச் சேவையோடு பலமுறை பேசினார்கள். அவர்கள் மனதில் பதிந்தது, மழை 9 மணிக்கு மேல் வரும் என்ற கணக்கு. அதற்குள் கச்சேரியைத் தொடங்கிவிடலாம், மோசமானால் நடுவில் நிறுத்தலாம் என்பது அதிலிருந்து பிறந்த எண்ணம்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. இடிமழை மேகத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் மோதி, மழைக்கு முன்னால் ஓடி வரும். ரேடார் படத்தில் மழைப் பட்டை இன்னும் தொலைவில் இருக்கும்போதே காற்றின் முன்விளிம்பு வந்து சேர்ந்துவிடும். ‘மழை எப்போது வரும்’ என்று கேட்டவருக்கு மழையின் நேரம் கிடைத்தது. கூரைச் சட்டத்தைப் பொறுத்தவரை கேட்டிருக்க வேண்டியது காற்றின் நேரத்தை.

தாமதிக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. கச்சேரியைச் சற்றுத் தள்ளிப்போட முடியுமா என்று கண்காட்சித் தரப்பிலிருந்து குழுவுக்குக் கேள்வி போனது. குழு, குறித்த நேரத்தை ஒட்டியே மேடையேற விரும்புகிறது என்ற பதில் வந்ததாகப் பின்னால் விசாரணை அறிக்கை பதிவு செய்தது. குழுவின் தரப்போ, நாங்கள் மறுக்கவில்லை என்றது. 8.45க்கு இருந்த தொடக்கம் 8.50 ஆனது. யார் சொன்னது சரி என்பதைவிட எனக்கு உறுத்துவது வேறு. தாமதிப்பது ஒரு வேண்டுகோளாகக் கைமாறிக்கொண்டிருந்தது. அதை உத்தரவாகச் சொல்லும் அதிகாரம் யாரிடம் என்பது எழுத்தில் தெளிவாக இல்லை. இரண்டு தரப்பும் மற்றவர் முடிவு செய்வார் என்று காத்திருக்க முடிந்தது.

8.39க்குத் தேசிய வானிலைச் சேவை எச்சரிக்கையின் படியை உயர்த்தியது. மணிக்கு 60 மைலைத் தாண்டும் காற்றும் ஆலங்கட்டியும் வரலாம் என்றது. கச்சேரி தொடங்க 11 நிமிடம். காற்று வர ஏறக்குறைய 7 நிமிடம்.

8.45 அறிவிப்பு

அறிவிப்பு செய்யச் சொல்லி மைக் கொடுக்கப்பட்டவர் உள்ளூர் வானொலி நிலையம் ஒன்றின் அறிவிப்பாளர். கச்சேரிகளில் கூட்டத்தை உற்சாகப்படுத்திக் கலைஞர்களை அறிமுகம் செய்யும் குரல் அவருடையது. அவர் மேல் பழி போடுவதில் நியாயம் இல்லை. அவர் கையில் கொடுக்கப்பட்டதைச் சொன்னார். சொன்னதன் சாரம் இதுதான்:

மேகம் வருவதை நீங்களே பார்க்கிறீர்கள். அது நம்மைத் தாண்டிப் போய்விடும் என்று நம்புகிறோம், போகாமலிருக்கவும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. நிகழ்ச்சியை நடுவில் நிறுத்த நேர்ந்தால் பதற்றமில்லாமல் வாசல்களை நோக்கி நகர்ந்து, எதிரே உள்ள மூன்று கட்டடங்களில் ஒன்றுக்குப் போங்கள். எல்லாம் கடந்ததும் மறுபடி தொடங்க முயல்வோம். அப்புறம் முடிவில், இன்னும் ஓரிரு நிமிடத்தில் குழு மேடைக்கு வரும், தயாராகுங்கள்.

கூட்டம் ஆரவாரம் செய்தது. அதில் தவறு இல்லை, கடைசி வாக்கியம் அதற்காகவே சொல்லப்பட்டது.

பேரிடர் எச்சரிக்கைகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த சமூகவியலாளர் டென்னிஸ் மிலெட்டியும் அவரோடு பணியாற்றிய ஜான் சோரென்சனும், ஒரு எச்சரிக்கையில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள்: என்ன ஆபத்து, எங்கே, எப்போது, என்ன செய்ய வேண்டும், சொல்வது யார். அன்றைய அறிவிப்பை இதில் வைத்துப் பார்க்கலாம். ஆபத்து ‘மேகம்’ என்று சொல்லப்பட்டது. 60 மைல் காற்று என்ற தகவல் 6 நிமிடம் முன்பே வந்திருந்தும் அதில் இல்லை. மேடைக் கூரை பற்றி ஒரு சொல் இல்லை. எப்போது என்பதும் இல்லை. என்ன செய்வது என்பது மட்டும் விரிவாக இருந்தது, கட்டடப் பெயர்கள் உட்பட. ஆனால் ‘நேர்ந்தால்’ என்ற சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. சொன்னவர் கொண்டாட்டத்தின் குரல், அதிகாரத்தின் குரல் அல்ல.

எச்சரிக்கை கேட்டதும் மனிதர்கள் உடனே ஓடுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார்கள், ‘என்னங்க செய்யலாம்’ என்று கேட்பார்கள், மேடையில் வேலை நடக்கிறதா என்று கவனிப்பார்கள். அன்று கவனித்தவர்களுக்குத் தெரிந்தது, நடக்கப்போகும் கச்சேரிக்கான மேடை. முன்வரிசை இடத்தை விட்டுப் போனால் திரும்பக் கிடைக்காது. ஆகவே நின்றார்கள். வானத்தைப் பார்த்துத் தாங்களாகவே கிளம்பியவர்களும் உண்டு. அவர்கள் அறிவிப்பை மீறிச் செயல்பட்டவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பதற்றம் கிளம்பி நெரிசலாகிவிடும் என்ற பயத்தில் இப்படி மெத்தென்று பேசுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். பேரிடர் சமூகவியலின் முன்னோடிகளில் ஒருவரான குவாரன்டெல்லி தன் வாழ்நாள் ஆய்வில் திரும்பத் திரும்பக் கண்டது இதற்கு நேர்மாறானது: கண்மூடித்தனமான பீதி அரிது, தகவல் பிந்துவதும் குறைவதும்தான் அடிக்கடி கேடு செய்கிறது.

இதே அமெரிக்காவில் 1977 மே 28 அன்று, கென்டக்கி மாநிலத்தின் சவுத்கேட்டில் ஒரு பெரிய இரவு விடுதி தீப்பிடித்தது. 165 பேர் இறந்தார்கள். அங்கே எச்சரிக்கை மணியே கிடையாது. மேடையில் நகைச்சுவை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, மேசை துடைக்கும் வேலையில் இருந்த 18 வயது இளைஞர் ஒருவர் மேடையேறி மைக்கை வாங்கினார். வாசல்கள் எங்கே இருக்கின்றன என்று கைகாட்டினார், கட்டடத்தில் தீ என்றார், வெளியே போகச் சொன்னார். நகைச்சுவையின் பகுதி என்று நினைத்து உட்கார்ந்தே இருந்தவர்களும் உண்டு. ஆனாலும் நூற்றுக்கணக்கானவர்கள் பிழைத்ததற்கு அந்தச் சில வாக்கியங்கள் காரணம் என்று சொல்கிறார்கள். பதவி இல்லாத பையன், பயிற்சி இல்லாத பேச்சு. ஆனால் அதில் ‘நேர்ந்தால்’ இல்லை.

8.46

இண்டியானாவில் அறிவிப்பு போய்க்கொண்டிருந்த அதே நேரத்தில் மாநிலக் காவல் துறையின் கேப்டன் ஒருவர் வானத்தைப் பார்த்து, இனி பொறுக்க முடியாது, கூட்டத்தை வெளியேற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தார். கண்காட்சியின் நிர்வாக இயக்குநரும் ஒப்புக்கொண்டார். வெளியேறச் சொல்லும் இரண்டாவது அறிவிப்புக்காக மேடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோதே காற்று வந்துவிட்டது.

மழைக்கு முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்த காற்று அது. கூரைத் துணி கிழிந்து பறந்தது, சட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்து முன்னால் விழுந்தது. மொத்தம் சில வினாடிகள். குழு இன்னும் மேடைக்கு வரவில்லை. முன்னால் நின்றவர்கள் மேலும், மேடை வேலையில் இருந்தவர்கள் மேலும் உலோகச் சட்டமும் விளக்கும் விழுந்தன. அடுத்த நிமிடமே நூற்றுக்கணக்கானவர்கள் ஓடினார்கள், வாசலை நோக்கி அல்ல, விழுந்த சட்டத்தை நோக்கி, அதைத் தூக்க. 7 பேர் இறந்தார்கள், 58 பேர் காயமடைந்தார்கள்.

ஒலியமைப்பில் இருப்பவர்கள் இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறிவிப்புக்கு நம்பியிருக்கும் ஒலிப்பெட்டிகளே விழக்கூடிய கூரையில் தொங்கினால், கூரை விழும் நொடியில் பேசும் வழியும் போய்விடும். எங்கே நிற்கக் கூடாது, ஆம்புலன்ஸுக்கு எந்த வழியை விட வேண்டும் என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.

பதினைந்து மைல் வடக்கே

அதே மாலை, அதே இடிமழையின் பாதையில், ஃபிஷர்ஸ் நகரத்தில் உள்ள கானர் ப்ரேரி திறந்தவெளியில் இண்டியானாபொலிஸ் சிம்ஃபனி இசைக் குழுவின் நிகழ்ச்சி நடந்தது. சில ஆயிரம் பேர் புல்தரையில் அமர்ந்திருந்தார்கள். அவர்களும் அதே வானிலைச் சேவையைத்தான் பார்த்தார்கள். இடிமழை வருவதற்கு முன்பே நிகழ்ச்சியை நிறுத்தி, பார்வையாளர்களைத் தங்கள் கார்களுக்குப் போகச் சொன்னார்கள். போனார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

இரண்டு இடங்களையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது முழுக்கச் சரியாகாது. புல்தரைக் கூட்டம் வேறு, முன்வரிசைக்குப் பணம் கொடுத்து நிற்கும் கூட்டம் வேறு. ஆனால் தகவல் ஒன்றுதான். அங்கே அது முடிவாக மாறி மைக்குக்கு வந்தது. இங்கே முடிவாகாமலே மைக்குக்கு வந்தது.

விசாரணையில் தெரியவந்தவை

இரண்டு தனித்தனி விசாரணைகள் நியமிக்கப்பட்டு, 2012 ஏப்ரலில் முடிவுகள் வெளியாயின. கட்டமைப்பை ஆராய்ந்த தார்ன்டன் டோமசெட்டி நிறுவனம், மேடைக் கூரை கட்டட விதிகளின்படி மணிக்கு 68 மைல் காற்றைத் தாங்கியிருக்க வேண்டும், ஆனால் 33 மைல் அளவிலேயே அதன் பக்கவாட்டுப் பிடிப்பு தோற்கத் தொடங்கியது என்று கண்டது. கான்கிரீட் கட்டைகள் இழுபட்டு நகர்ந்தன. அன்று அடித்த காற்று 59 மைல் வரை போனது.

33 என்ற எண் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. ஒரு சாதாரண கோடை இடிமழையில் வரக்கூடிய காற்று அது. ‘இந்தக் கூரை எவ்வளவு காற்று தாங்கும், எந்த எண்ணில் ஆட்களை விலக்க வேண்டும்’ என்ற தகவல் முடிவெடுப்பவர் சட்டைப்பையில் ஒரு துண்டுத் தாளில் இருந்திருந்தால், 8.39க்கு வந்த ‘60 மைல்’ என்ற எச்சரிக்கை விவாதத்துக்கே இடம் வைத்திருக்காது.

அவசரநிலைத் தயார்நிலையை ஆராய்ந்த விட் அசோசியேட்ஸ், முழுமையான அவசரத் திட்டம் இல்லை, நிகழ்ச்சியைத் தாமதிக்கவோ நிறுத்தவோ வெளியேற்றவோ யாருக்கு அதிகாரம் என்பதில் தெளிவு இல்லை என்றது. மாநிலத்தின் தொழிலாளர் பாதுகாப்புத் துறை மூன்று தரப்புக்கு அபராதம் விதித்தது: மேடைக் கருவிகள் தந்த நிறுவனத்துக்கு 63,000 டாலர், மேடைத் தொழிலாளர் சங்கத்துக்கு 11,500, கண்காட்சி ஆணையத்துக்கு 6,300. இழப்பீட்டு வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்து, 2014இல் ஏறத்தாழ 50 மில்லியன் டாலர் அளவிலான சமரசத்தில் முடிந்தன.

அதன் பிறகு மாறியவை

கண்காட்சி மறுநாள் மூடப்பட்டு, திங்கட்கிழமை நினைவஞ்சலியோடு திறந்தது. அடுத்த ஆண்டு பெரிய கச்சேரிகள் நகரத்தின் உள்ளரங்கம் ஒன்றுக்குப் போயின. தற்காலிகத் திறந்தவெளி மேடைகளுக்கு இண்டியானா மாநிலம் புதிய விதிகள் கொண்டுவந்தது. நிகழ்ச்சித் துறைக்குள்ளேயே ஈவன்ட் சேஃப்டி அலையன்ஸ் என்ற அமைப்பு 2012இல் உருவாகி, பிரிட்டனில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த வழிகாட்டியை ஒட்டித் தங்களுக்கென ஒரு பாதுகாப்புக் கையேட்டைத் தொகுத்தது.

இன்று செய்தால் எதை மாற்றுவது

தொழில்நுட்பப் பக்கம் சொல்ல வேண்டியது குறைவு. பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதை 0 முதல் 1 வரை அளக்கும் குறியீடு இருக்கிறது. அவசர அறிவிப்புக்கு 0.5ஐ ஒட்டி எதிர்பார்ப்பார்கள். இசைக்கு அமைத்த ஸ்பீக்கர் பேச்சுக்குத் தானாகப் பொருந்தாது. பெரிய வெளியில் ஒலி 34 மீட்டர் போக ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு எடுக்கும். இரண்டு கோபுரங்களின் ஒலி முன்பின்னாக வந்தால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஆகவே மெதுவாக, சிறு வாக்கியமாக, இரண்டு முறை சொல்ல வேண்டும். அவசர மைக் எந்த நிலையிலும் இசையைத் தாண்டி ஒலிக்கும்படி இணைப்பு இருக்க வேண்டும், குழுவின் ஒலிக் கலவையைக் கட்டுப்படுத்தும் மிக்ஸர்காரர் தயவில் இருக்கக் கூடாது. மேடைக் கூரையைச் சாராத, பேட்டரியில் ஓடும் இன்னொரு ஒலிபெருக்கி கேலரிப் பக்கம் வேண்டும். சரி, இதெல்லாம் வாங்கக் கூடியவை.

வாங்க முடியாதது 8.39க்கும் 8.45க்கும் நடுவில் இருக்கிறது. அன்றைய பேச்சில் இருந்த தேர்வுகள் இரண்டுதான்: கச்சேரியை நடத்து, அல்லது மொத்தக் கூட்டத்தையும் மூன்று கட்டடங்களுக்கு அனுப்பு. இரண்டாவது பெரிய காரியம், அதனால் கை நடுங்குகிறது. நடுவில் ஒரு சிறிய படி இருந்தது, மேடையை ஒட்டி நிற்பவர்களை மட்டும் கூரை விழும் தூரத்துக்கு அப்பால் பின்னால் நகர்த்துவது. விளையாட்டு மைதானங்களுக்கான பிரிட்டன் வழிகாட்டி, சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர் போகலாம் என்று கணக்கிடுகிறது. 10 மீட்டர் திறப்பு கிடைத்தால் 5 நிமிடத்தில் 4,000 பேருக்கு மேல். யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை, மழை விலகினால் திரும்ப வரலாம். இவ்வளவு குறைந்த செலவுள்ள முடிவை ஒரே ஆள், யாரையும் கேட்காமல், எண்ணைப் பார்த்து எடுக்கும்படி நிகழ்ச்சிக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க முடியும். கலைஞர் ஒப்பந்தத்திலும் அந்த வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேள்வி மறுபடி மேடைக்குப் பின்னால் உள்ள அறைக்குப் போய்த் திரும்பும்.

அறிவிப்பின் வாசகமும் முன்பே தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு மைக் பக்கத்தில் இருக்க வேண்டும். வாசிப்பவர் அன்று உற்சாகப்படுத்திய குரலாக இல்லாமல் இருந்தால் நல்லது. வேறு ஆள் கிடைக்காவிட்டால், விளக்குகளை முழுதாக எரியவிட்டு, இசையை நிறுத்தி, சில வினாடி அமைதிக்குப் பிறகு வாசிக்க வேண்டும். அன்றைய நிலைக்கு நான் எழுதிப் பார்த்த வாசகம் இது:

“கவனியுங்கள். இது கண்காட்சிப் பாதுகாப்பு அலுவலரின் அறிவிப்பு. மணிக்கு 60 மைல் காற்று சில நிமிடங்களில் இங்கே வருகிறது. கச்சேரி தொடங்காது. மேடைக் கூரைக்குக் கீழேயோ பக்கத்திலோ யாரும் நிற்காதீர்கள். மேடைக்கு முன்னால் இருப்பவர்கள் இப்போதே திரும்பி, மேடையை விட்டு விலகி நடங்கள். காவலர்கள் வழி காட்டுவார்கள். மேடைத் தொழிலாளர்களும் இறங்கி வெளியேறுங்கள்.”

மெதுவாக வாசித்தால் அரை நிமிடம். இரண்டு முறை சொன்னால் ஒரு நிமிடம். எச்சரிக்கை வந்த 8.39ஐ அடுத்து மைக்கை எடுத்திருந்தால், 8.41க்கு முன்வரிசை நடக்கத் தொடங்கியிருக்கும்.